நாங்கள் வாங்காத மனை

இருபத்திரண்டு வயசில் நம் பள்ளிக்கூட குரூப்பில் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போன வாரம் நம் வகுப்புத் தோழி ஒருத்தி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், கேன்சர்தானாம். கடைசியில் ஒரு வரி: 'யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க, குரூப்ல போட்டுடாதே.' அவள் யார் என்று தேடாதீர்கள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கோடை முழுக்க அந்த வரிக்குள்ளேயே குடியிருந்தவள் நான். அதனால் என்ன ஆச்சு என்று உங்களுக்கும் தெரியட்டும்.

ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போன வருஷம் அது. எங்கள் டிபன் கடை திருத்தணி மலையடிவாரத்தில், பொய்கைக் குளத்துக்குத் திரும்புகிற வழியில் இருந்தது. உங்களில் பாதிப் பேர் அங்கே பொங்கல் சாப்பிட்டிருக்கிறீர்கள், சில பேர் காசு கொடுக்காமலும் சாப்பிட்டிருக்கிறீர்கள். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிற கூட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அவர்கள் தலையைப் பார்த்தே எனக்குக் கணக்குப் புரியும். சந்தனம் ஈரமாக வழிந்தால் இனிமேல்தான் மலை ஏறப்போகிறார்கள், அவசரத்தில் இட்லியோடு எழுந்துவிடுவார்கள். காய்ந்து பொருக்கு தட்டியிருந்தால் தரிசனம் முடித்து இறங்கியவர்கள், பூரி கேட்பார்கள், கூடவே ஒரு வடையும் கேட்பார்கள். மேஜையெல்லாம் மஞ்சளாகச் சந்தனச் சொட்டு. அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள். அந்தத் துணிக்கே சந்தன வாசனை ஏறிப்போய், வீட்டில் சோப்பு போட்டாலும் போகாது.

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது பங்குனி கடைசியில். நைனா, எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், ரிப்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து வடைச் சட்டி முன்னால் நின்றார். அன்றைக்கு வடையெல்லாம் கருகிப்போனது. கடை சாத்தின பிறகு அம்மாவையும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தாமே, இது வெளிய போவக் கூடாது. ஊர்ல ஒரு காக்காவுக்குக் கூடத் தெரியக் கூடாது. நோவுக்காரி கையால அரைச்ச சட்னின்னு ஒருத்தன் சொன்னான்னா கடை காலி. கடை காலின்னா வைத்தியம் காலி."

அவர் சும்மா பயப்படவில்லை. எங்களுக்கு நாலு கடை தள்ளி ஒருவர் தோசைக்கடை வைத்திருந்தார். அவருக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவருக்கு உடம்பு தேறுவதற்குள் கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. நைனா அதைக் கண்ணால் பார்த்தவர். இப்போது யோசித்தால் அவர் பயந்ததில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. பயத்துக்கு அவர் எழுப்பின சுவரில்தான் தப்பு.

சுவர் என்றால் லேசுப்பட்டதில்லை. பக்கத்தில் எங்கே போனாலும் நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் வார்டில் நிற்பான் என்று சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போனார். அங்கே பணம் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த பையன், "காப்பீடு எதுவும் இருக்கா சார்?" என்று கேட்டான். நைனா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "இல்ல சார். கேஷ்தான்." அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் தடவை மருந்து ஏற்றி இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் வரும், தலையணையில் வரும், ஒருநாள் மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் ஒன்று இருந்தது. அன்றைக்கு அம்மா மாவை அப்படியே கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு நான் மொட்டை போட்டுக்கறேன்."

நைனா அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? வேற ஊரா இருந்தா கேப்பாங்க. இது திருத்தணி. இங்க மொட்டைய எவன் கேக்கப் போறான்?"

எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, அதனால் அதிகமாகவே சிரித்தோம். மறுநாள் பொய்கைப் பக்கம் போய் அம்மா மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள். பத்தோடு பதினொன்று. புருவமும் போய்விட்டதால் ஃபேன்சி ஸ்டோரில் கறுப்புப் பென்சில் வாங்கி நான் வரைந்துவிட்டேன். எனக்கு ஓவியம் வராது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு புருவம் மேலே ஏறிப்போய், அந்த மாசம் முழுக்க அம்மா எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவள் மாதிரியே இருந்தாள்.

ஆனால் எங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. மொட்டையை யாரும் கேட்க மாட்டார்கள், சரி. வேண்டுதலைக் கேட்பார்களே! வெளியூர்க்காரன் மொட்டையைத்தான் கேட்க மாட்டார்கள். உள்ளூர்க்காரி மொட்டை போட்டால் அவளுக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று கேட்காவிட்டால் அது தெருவே இல்லை.

எதிரே பூக்கடை வைத்திருந்த அக்காதான் முதலில் வந்தார். கையில் பாதி கட்டின சரம், பல்லில் நார்.

"யக்கா! இன்னாக்கா இது, சொல்லாம கொள்ளாம மொட்டை! இன்னா வேண்டுதல்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் நைனா சொன்னார்: "மனை ஒண்ணு அமைஞ்சுதும்மா. அதுக்குத்தான்."

"அடி சக்கை! எங்கண்ணா?"

"அது... அரக்கோணம் ரோட்டுல."

"ரோட்டு மேலயேவா?"

"மேல இல்ல. கொஞ்சம் உள்ள."

"எந்தப் பக்கம் பாத்த மனை?"

"கெழக்கு."

"தண்ணி?"

"கெணறு இருக்குது," என்றார் நைனா. அவருக்கு வேறு வழி இல்லை. அம்மாவின் புருவம் அன்றைக்கு நிஜமாகவே மேலே போனது.

மனை வாங்கினவன் இனிப்பு தராமல் இருக்க முடியுமா? மறுநாள் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தோம். நெய் மிதக்க மிதக்க. ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களெல்லாம் இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டு, "வீடு எப்ப கட்டறீங்க?" என்று கேட்டார்கள். அதே வாரத்தில்தான் நைனா தன் மொபெட்டை விற்றார். அதன் முன்னால் நின்றுகொண்டு நான் பால்வாடிக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதன் டேங்கில் ஒட்டியிருந்த மயில் படத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்று அழுவேனாம். மயிலோடு சேர்த்து அது பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கி வியாபாரி வீட்டுக்குப் போய்விட்டது. தெரு அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தது. "பத்திரச் செலவு இருக்கும் இல்ல!"

ஒரு மாசம் போனது. மொட்டை போட்டவர்களுக்கு ஒரு மாசத்தில் தலை கறுத்துவிடும். அம்மாவுக்கு வழவழவென்று அப்படியே இருந்தது. முந்தானையை இழுத்து மூடியிருந்தாலும் பூக்கடை அக்கா கண்ணுக்குத் தப்புமா?

"இன்னாண்ணா, யக்காவுக்கு இன்னும் முடி மொளைக்கலியே?"

"மறுபடி போட்டுகினாம்மா. இன்னொரு வேண்டுதல்."

"இன்னொரு மனையா!" என்று அவரே கேட்டு, அவரே முடிவு பண்ணிக்கொண்டு, அவரே ஆட்டோ ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிட்டார். ஆக, அம்மாவின் கம்மலையும் அடகுக்கடையில் கொடுத்த வாரத்தில் எங்களுக்கு இரண்டு மனை.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனேன். உள்ளே அம்மாவோடு யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். நைனா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனேன்.

"அடுத்த தடவைய ஒரு மாசம் தள்ளிப் போடலாம்னு பாக்கறேன்," என்றார். "ஆடிக் கிருத்திகைக்கு நல்ல வியாபாரம் ஆவும். அதுல கொஞ்சம் பொரட்டிகினு வந்து ஏத்திக்கலாம்."

"டாக்டர் இன்னா சொன்னாரு நைனா?"

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது எனக்கே தெரியும். காலையில் நான் பக்கத்தில்தான் நின்றேன். "நடுவில் விட்டால் இதுவரைக்கும் ஏற்றினதும் வீணாகலாம். தேதி தவறக் கூடாது."

என்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தேன். மாடி ஏறினேன், இறங்கினேன், எழுதி ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன். கேன்டீனுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறை, வாசலில் 'சமூகப் பணிப் பிரிவு' என்று பலகை. உள்ளே கதர் புடவை கட்டின ஒரு மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டக்கூட இல்லை.

"மேடம், காசு இல்லைன்னா இங்க என்ன பண்ணணும்?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "முதல்ல உட்காரணும். சாப்டியா நீ?" டப்பா மூடியில் கொஞ்சம் சோறு வைத்து என் பக்கம் தள்ளினார். அம்மாவின் நம்பரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தார். பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"கேஷ்னு போட்டிருக்கு. ஏன், ரேஷன் கார்டு இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு மேடம்."

"இந்தச் சிகிச்சைக்கு அரசாங்கக் காப்பீடு இருக்கும்மா. நம்ம ஆஸ்பத்திரியிலேயே செல்லும். காப்பீட்டு அட்டை எடுக்கலையா?"

எனக்கு விக்கல் வந்துவிட்டது. நைனாவைக் கூட்டி வந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த அட்டைக்கு ஸ்கூல்ல கேம்ப் போட்டாங்க மேடம். வரிசையில நின்னேன். மாவு பொங்கிடும்னு பாதியில வந்துட்டேன்."

மேடம் திட்டவில்லை. "உங்களை மாதிரி எத்தனையோ பேர். கட்ட முடியுதா, முடியலையான்னு எங்ககிட்ட சொல்லவே மாட்டீங்க. வீட்டுச் சாமானை வித்துக் கட்டுவீங்க, அப்புறம் பாதியில நின்னுடுவீங்க. கேட்டாத்தானே சார் தெரியும்?" வருமானச் சான்று வாங்கி, அதையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு அம்மாவோடு நேரில் போனால் அட்டை கிடைக்கும் என்றார். அதுவரை கட்டின பணம் திரும்ப வராது, இனிமேல் ஏற்றுவதற்குத்தான். சில ஸ்கேன் அதில் வராது, அதற்குத் தனியாக ஒரு அறக்கட்டளைக்குத் தானே எழுதித் தருவதாகவும், ரயிலில் கேன்சர்காரர்களுக்குச் சலுகை இருக்கிறது, அதற்கு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் மூச்சு விடாமல் சொன்னார். "அடுத்த தேதிக்குள்ள அட்டையோட வரணும். தேதியைத் தள்ளிப் போடற பேச்சே கூடாது. புரியுதா?"

"ஆங், மேடம்," என்றார் நைனா. அவர் தலையைக் குனிந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பதிந்தோம். விண்ணப்பம் வி.ஏ.ஓ.வுக்குப் போகும், அவர் விசாரித்து மேலே அனுப்ப வேண்டும். ஒரு வாரம் ஆச்சு. இன்னும் நாலைந்து நாள் போனது. ஒன்றும் நகரவில்லை. அடுத்த தேதிக்குப் பத்து நாள்கூட இல்லை, நடுவில் ஆடிக் கிருத்திகைக்கு உள்ளூர் விடுமுறை வேறு. நைனா போகத் தயங்கினார், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வி.ஏ.ஓ. எங்கள் கடை பொங்கல் சாப்பிடுகிறவர். அவருடைய தலையாரி தினமும் காலையில் வந்து பார்சல் வாங்கிப் போவார். அதனாலேயே நைனாவுக்கு வேர்த்தது.

"உக்காருங்க," என்றார் வி.ஏ.ஓ. "வருமானம் ரொம்பக் கம்மியா எழுதியிருக்கீங்களே. விசாரிக்கச் சொன்னா, தலையாரி வேற மாதிரி சொல்றான். அரக்கோணம் ரோட்டுல ரெண்டு மனையாமே?"

நைனா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன்.

"அது... வாங்கல சார்."

"வாங்காமலா ஊருக்கே பொங்கல் போட்டீங்க? கிழக்குப் பார்த்த மனை, கிணறோடன்னு தெருவே சொல்லுது. வேண்டுதல் மொட்டையை நானே பாத்தேனே. முருகனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா?"

தலையாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சரி, சான்று எதுக்கு?"

"காப்பீட்டு அட்டைக்கு சார்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

இதுதான் சொல்லியிருக்க வேண்டிய இடம். அறையில் ஃபேன் கடகடவென்று சுற்றியது. நைனா தலையாரியை ஒரு பார்வை பார்த்தார். "யாருக்கும் இல்ல சார். சும்மா, எடுத்து வெச்சுக்கலாம்னு."

"அப்போ அவசரமில்லையே. கிருத்திகை முடியட்டும். நானே நேர்ல வந்து அந்த மனையைப் பாத்துட்டு எழுதறேன்."

வெளியே வந்ததும் நான் ரோட்டில் நின்று கத்தினேன். காவடி தூக்கிக்கொண்டு போன கூட்டம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நைனா ரோட்டோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டினார். கல் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினார்.

வீட்டில் அம்மா படுத்திருந்தாள். அந்த நாட்களில் அவளுக்குச் சாம்பார் வாசனை ஆகாது, வாயெல்லாம் புண், மோர் மட்டும் இறங்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, என்னைப் பாருங்க. கடை போவும்னு பயந்து சொல்லல. சரி. இப்ப கடை இருக்குது. நான் இருக்க வேணாமா?"

நைனா தரையைப் பார்த்தார்.

"மனை மனைன்னு நீங்க கட்டின வூட்ல என்னை வெச்சு மூடிடுவீங்க போல. நாளைக்குக் காலைல நான் கடைக்கு வர்றேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். வடை சுட்டாப் போதும்."

மறுநாள் காலையில் கடை நிறைந்திருந்தது. கிருத்திகை நெருங்கிவிட்டதால் ரோடெல்லாம் புஷ்பக் காவடி, மஞ்சள் வேட்டி, 'அரோகரா'. அம்மா பென்சில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புருவமில்லாத முகம், மூடாத தலை. கல்லாப் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளூர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலையாரி பார்சலுக்கு நின்றார். பூக்கடை அக்கா கடனாக ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றாள் அம்மா. குரல் பெரிசாக இல்லை, ஆனால் கடைசி மேஜை வரைக்கும் கேட்டது. "நாங்க மனையும் வாங்கல, மண்ணும் வாங்கல. எனக்கு கேன்சரு. மாருல. மெட்ராஸ்ல மருந்து ஏத்திகினு இருக்கேன், அதுலதான் முடி போச்சு. இது ஒட்டிக்கிற நோவு இல்ல. சாப்புடறவங்க சாப்புடுங்க. வேணாம்னு தோணுச்சுன்னா எழுந்து போங்க, காசு வேணாம்."

நைனா வடையைத் திருப்பிப் போட்டார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அவர் அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வரவேயில்லை. இன்னொருத்தர் பாதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அப்போது பெயின்டர் அண்ணன் ஒருவர், வாய் நிறையப் பொங்கலோடு, "அண்ணி, கொஞ்சம் சட்னி," என்றார். அம்மாவேதான் போய் ஊற்றினாள்.

பூக்கடை அக்கா டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏங்கா, உனுக்கு அறிவு இருக்குதா? ரெண்டடி எதுத்தாப்புல ஒக்காந்துகினு இருக்கேன், என்னாண்ட சொல்லாம மனை வாங்கினோம்னு பொங்கல் குடுத்தீங்களே! நான் வேற அந்த மனைக்குப் பக்கத்துல எனுக்கும் ஒண்ணு பாருண்ணான்னு உன் புருஷனை நச்சரிச்சிகினு இருந்தேன். அதுக்கு அவரு 'பாக்கறேன்மா, கார்னர் மனை ஒண்ணு வருது'ன்றாரு!"

கடை மொத்தமும் சிரித்தது. நைனா ஜல்லிக்கரண்டியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அக்கா அதே வேகத்தில் தலையாரி பக்கம் திரும்பினார்.

"யோவ், நீ என்னாண்டதானே விசாரிச்சே? ரெண்டு மனைன்னு நான்தானே சொன்னேன்? வா, இல்லைன்னும் நானே வந்து சொல்றேன். இப்பவே."

"பார்சல்..." என்றார் தலையாரி.

"அங்க வந்து தின்னுய்யா!"

பூக்கடையை அப்படியே விட்டுவிட்டு, மல்லிகை ஈரம் சொட்டுகிற கையோடு அந்த அக்கா ஆட்டோவில் ஏறினார். அம்மா ஏறினாள், நானும் ஏறினேன். நைனா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்து டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். வி.ஏ.ஓ. அம்மாவின் தலையைப் பார்த்தார், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் நைனாவைப் பார்த்து, "நேத்து இதே நாற்காலியில உக்காந்துகினு யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னீங்களே சார்," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே அவசரம் என்று குறித்து மேலே அனுப்பிவிட்டார். கிருத்திகைக்கு முந்தின நாள் சான்று போனில் வந்துவிட்டது.

கடை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நைனா சொன்னது முழுக்கப் பொய்யாகவில்லை. முதல் வாரம் உள்ளூர்க் கூட்டம் பாதியாகிவிட்டது. மிஞ்சின இட்லியை உதிர்த்து உப்புமா, அதைத்தான் மூன்று வேளையும் சாப்பிட்டோம். கிருத்திகைக் கூட்டம் வந்து தூக்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொருத்தராக, ஏதோ வேறு வேலையாக வந்தவர்கள் மாதிரி வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் சும்மாவும் வரவில்லை. ஒருத்தர் தன் தங்கைக்கு வயிற்றில் கட்டி என்று மெதுவாகச் சொன்னார். இன்னொருத்தர் திருவாலங்காட்டிலிருந்து, இதே நோயில் இருந்த தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். இத்தனை பேர் எங்கள் கண் முன்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா இன்றைக்கும் கடையில்தான் இருக்கிறாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, அதற்குப் போகிற வாரம் மட்டும் எல்லார் மேலும் எரிந்து விழுவாள்.

அந்தக் கிருத்திகை விடுமுறை முடிந்த மறுநாளே அட்டைக்குத் திருவள்ளூர் போனோம். வரிசையில் நிற்க முடியாமல் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள். நைனா இந்தத் தடவை வரிசையை விட்டு ஒரு அடி நகரவில்லை. போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள், அட்டை நம்பரைக் கையில் கொடுத்தார்கள். நைனா அதை நாலு தடவை படித்தார், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி.

நாலாவது தடவை, குறித்த தேதி. விடியற்காலை வண்டியில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனால், அட்டை மட்டும் போதாது, காப்பீட்டுக்காரர்களிடமிருந்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். மேடம் ரிப்போர்ட்டுகளை அனுப்பிவிட்டு, "வரும், இருங்க," என்றார். இருந்தோம். பத்து மணி ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. எதிரே கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது, வேறு வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். நைனா என் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, "வரலைன்னா இன்னா பண்றது? அடுப்பையும் கிரைண்டரையும் குடுத்துட்டா..." என்று ஆரம்பித்தார்.

"வரலைன்னா மேடத்துக்கிட்ட போய்க் கேப்போம்," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "அவங்க இல்லைன்னா அவங்களுக்கு மேல இருக்கறவங்களைக் கேப்போம். எதையும் விக்கற பேச்சு எடுக்காதீங்க. இன்னிக்கு ஏத்திக்காம நான் இந்த எடத்தை வுட்டு எழுந்திருக்க மாட்டேன்."

இரண்டு மணிக்கு மேடம் மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நைனா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் அக்கா புறங்கையில் நரம்பு தேடினார். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. "வலிக்குதாம்மா? கொஞ்சம் இருந்துட்டுக் குத்தட்டுமா?"

"இன்னாத்துக்கு இருக்கணும்?" என்றாள் அம்மா. சட்டென்று அடுத்த கையை நீட்டினாள். "இதுல பாரும்மா. நேரமாவுது. திருத்தணி வண்டியப் பிடிக்கணும், நாளைக்குக் கடை இருக்குது."